கல்லு இருமலுக்கு இங்கிலீஷில் என்ன பேரு

எங்க தெருவுக்கு இங்கிலீஷ் ஆஸ்பத்திரிச் சீட்டு வழியாகத்தான் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசல் பக்கத்துச் சேரி. கல்லுடைக்கிற சனம். ஏ.பி.சி.டி. தெரியாத வீட்டில்கூட ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுக்குள்ள ரேசன் கார்டு, தொகுப்பு வீட்டுக்கு மனுக் கொடுத்த நகல், அதோட கத்தை கத்தையா ஆஸ்பத்திரிச் சீட்டு. ஒரு எழுத்தும் யாருக்கும் புரியாது. ஆனா தூக்கிப் போட மாட்டாங்க. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிற வீடும் உண்டு. புரியாத எழுத்தைக் கும்பிடுற பழக்கம் நமக்கு இன்னைக்கு நேத்து வந்ததா என்ன?

எங்க அய்யாவோட சீட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. 1985லிருந்து 1988 வரை மொத்தம் 31. அய்யா சின்ன வயசிலிருந்து குவாரியில் சம்மட்டி பிடிச்சவர். கம்ப்ரசர் மிசின் வந்த பிறகு பாறையில் குழி போடுற வேலைக்குப் போனார். கூலி ரெண்டு ரூபா கூட. குழி போட்டு, வெடி வைச்சு, விழுந்த கல்லை ஆம்பிளைகள் பிளந்து போட, பொம்பிளைகள் உட்கார்ந்து ஜல்லியாக உடைக்கணும். சாயங்காலம் எல்லாரும் ஒரே நிறத்தில் வீடு திரும்புவாங்க, உடம்பெல்லாம் விபூதி பூசின மாதிரி. அந்தத் தூசியில் இருமல் வரும். தெருவில் அதற்குப் பேர் கல்லு இருமல். எந்த டாக்டரும் சொல்லி வந்த பேர் இல்லை. மூணு தலைமுறை செத்ததைப் பார்த்து வைச்ச பேர்.

1990ல் நான் கிராம சுகாதார செவிலியர் பயிற்சிக்குப் போனேன். 18 மாசம். அங்கே ஒரு டீச்சர் இருந்தாங்க. மருத்துவச் சொல்லை முழுசாகப் பார்த்துப் பயப்படாதீங்கடி, கோழி அறுக்குற மாதிரி மூட்டுப் பார்த்து வெட்டுங்க என்பாங்க. வாலில் 'ஐட்டிஸ்' வந்தால் அந்த உறுப்பு அழன்று வீங்கிக் கிடக்குது. 'ஈமியா' வந்தால் கோளாறு ரத்தத்தில். 'ஓசிஸ்' வந்தால் ஒரு கெட்ட நிலை வந்து தங்கிப்போச்சு. 'ஹெபட்' ஈரல், 'நெஃப்ரோ' சிறுநீரகம், 'நியுமோ' நுரையீரல். இப்படி ஒரு அறுபது எழுபது துண்டு தெரிந்தால் போதும், ஆயிரம் சொல்லை அவிழ்த்துவிடலாம். இவ்வளவுதானா விசயம் என்று எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது.

லீவில் வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். அய்யா செத்து ரெண்டு வருசம் ஆகியிருந்தது. ஆத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துக்கிட்டு, "என்னா எழுதியிருக்காக?" என்று கேட்டாங்க.

முதல் சீட்டில் 'டிஸ்னியா'. மூச்சு விடச் சிரமம். இன்னொன்றில் 'ஹீமோப்டிசிஸ்'. இருமும்போது ரத்தம் துப்புவது. கடைசிச் சீட்டுகளில் 'கெகெக்சியா'. கிரேக்கத்தில் கெட்ட நிலை என்று அர்த்தம், உடம்பு உருகிப் போவது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஆத்தா, "இதெல்லாம் நாங்க போயிச் சொன்னதுதானே?" என்றாங்க. ஆமாம். மூச்சு வாங்குதுன்னு சொல்லப் போனவருக்கு மூச்சு வாங்குதுன்னு கிரேக்கத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்காக.

சீட்டில் தொழில் என்று ஒரு கட்டம். 31ல் 9 சீட்டில்தான் அது நிரப்பியிருக்கு. ஒன்பதிலும் இங்கிலீஷ் எழுத்தில் 'கூலி'. நமக்குக் கூலி என்றால் வேலைக்குக் கொடுக்கிற காசு. இங்கிலீஷில் அது ஆளுக்கே பேராகிப்போச்சு. (தமிழிலிருந்து போன சொல் என்பாரும் உண்டு, குஜராத்துப் பக்கத்துக் கோலி என்ற சாதிப் பேர்தான் அது என்பாரும் உண்டு.) பறையர் என்ற பேரும் அப்படித்தான் அகராதிக்குள்ள 'பரையா' என்று போய் உட்கார்ந்திருக்கு. ஒதுக்கப்பட்டவன் என்று பொருள். ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கி வைத்தால் அதைப் பரையா நாடு என்று இன்னைக்கும் எழுதுறாங்க. இங்கிலீஷுக்குச் சாதி தெரியாது என்று நம்மாளுகளே சிலர் மேடையில் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

'கூலி' என்று எழுதியவர் என்ன வேலை என்று கேட்கவில்லை. இத்தாலியில் ராமஸினி என்று ஒரு டாக்டர், 1700ல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். நோயாளியிடம் கேட்கச் சொல்லிப் பழைய கிரேக்க வைத்தியர்கள் சொன்ன கேள்விகளோட நான் ஒன்றைச் சேர்க்கிறேன், உனக்கு என்ன தொழில் என்று கேளுங்கள் என்று எழுதினார். 285 வருசம் கழித்து அய்யாவைக் கேட்ட கேள்வி, "பீடி குடிப்பியா?" அதுவும் வாய்யா போய்யா என்று, மேசைக்கு மூணடி தள்ளி நிற்க வைத்து. ஒரு சரியான கேள்வியால் என்ன ஆகும் என்பதை இதே மாவட்டத்தில் 2022 டிசம்பரில் பார்த்தோம். வேங்கைவயலில் நம்ம பிள்ளைகள் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது குடிக்கிற தண்ணியைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்கப்புறம்தான் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தாங்க, மலம் கிடந்தது. மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் அன்றைக்கு வெளியே வந்திருக்காது.

அய்யாவுக்குச் சீட்டில் எழுதின நோய் 'கோக்ஸ்'. டி.பி. கிருமியை 1882ல் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் பேர். டி.பி. என்று பச்சையாக எழுதினால் நோயாளி பயப்படுவான், அக்கம்பக்கம் ஒதுக்கும் என்று டாக்டர்கள் இப்படி மறைத்து எழுதுவது வழக்கம். நல்ல எண்ணமாகவும் இருக்கலாம். ஆனா மூணு தடவை சளி எடுத்துப் பார்த்திருக்காக, மூணு தடவையும் கிருமி இல்லை என்று அதே சீட்டுகளில் இருக்கு. அப்படியும் 'கோக்ஸ்' மாறவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கிட்டே இருந்தாக. அய்யாவுக்குக் காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி சத்தம் கேட்க ஆரம்பித்து, அப்புறம் காது மந்தமாகிப்போனது. அந்த மருந்து காது நரம்பைக் கெடுக்கும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கு. இதற்கும் ஒரு சொல் உண்டு, அதிகம் யாரும் வாயால் சொல்லாத சொல்: 'அயட்ரோஜெனிக்'. கிரேக்கத்தில் அயட்ரோஸ் என்றால் வைத்தியர். வைத்தியரால் பிறந்த நோய். நான் படித்த மருத்துவச் சொற்களிலேயே நேர்மையான சொல் இதுதான். எந்தச் சீட்டிலும் இதைக் கண்டதில்லை.

27வது சீட்டின் மேல்முனையில் சிவப்பு மையில் 'டிஃபால்ட்டர்'. மருந்தைப் பாதியில் நிறுத்தினவர்களுக்கு அப்போ வைத்த பேர். பேங்கில் கடன் கட்டாதவனுக்கும் இதே பேர்தான். மருந்து வாங்கப் போனால் ஒருநாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, குடித்தும் இருமல் நிற்கவில்லை, அதனால் அய்யா போவதை நிறுத்தினார். பரிசோதனைக்கு வருகிற ஆளுக்கு 'சஸ்பெக்ட்' என்று பேர். அந்தச் சொல் எங்க தெருவுக்குப் போலீஸ் ஸ்டேசன் வழியாக முன்னமே தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2013ல்தான் இந்த ரெண்டு சொல்லும் நோயாளியைக் குற்றவாளி ஆக்குகின்றன என்று ஒத்துக்கொண்டு மாற்றியது.

சரி, கல்லு இருமல் என்னதான்? பாறையைத் துளைக்கும்போது, உடைக்கும்போது, அரைக்கும்போது கிளம்புகிற தூசியில் கண்ணுக்குத் தெரிகிறது மூக்கிலும் தொண்டையிலும் தங்கி வெளியே வந்துவிடும். கொல்றது கண்ணுக்குத் தெரியாத தூசி. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்கு போட்டால் வருகிற ஒரு பங்கைவிடச் சின்னது. அது நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரைக்கும் போகும். அங்கே காவல் இருக்கிற செல்கள் அதைக் கிருமி என்று நினைத்து விழுங்கும். விழுங்கினது செத்துப்போகும். தூசி மறுபடி வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும். அந்த இடமெல்லாம் தழும்பு விழுந்து இறுகும். வேலையை விட்ட பிறகும் அது நிற்காது. குணப்படுத்துகிற மருந்து இன்றுவரைக்கும் இல்லை. எக்ஸ்ரேயில் பார்த்தால் டி.பி. மாதிரியே தெரியும். இப்படித் தழும்பேறின நுரையீரலில் டி.பி.யும் சுலபமாக வந்து ஒட்டும், ரெண்டும் ஒரே ஆளிடம் இருப்பது சாதாரணம். அதனால் டி.பி. என்று எழுதினதே தப்பு என்று நான் வாதாட வரவில்லை. 31 சீட்டில் ஒன்றில்கூட தூசி என்ற பேச்சில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

இதன் பேர் சிலிக்கோசிஸ். லத்தீனில் சிலெக்ஸ் என்றால் கெட்டியான கல். 1870ல் இத்தாலியில் வைத்த பேர். தூசியால் வருகிற நுரையீரல் நோய்க்கெல்லாம் பொதுப்பேர் நியுமோகோனியோசிஸ். கிரேக்கத்தில் கோனிஸ் என்றால் தூசி. மூட்டுப் பார்த்து வெட்டினால் உள்ளே இருப்பது கல்லும் இருமலும்தான். ஆத்தாவிடம் சொன்னபோது, "இதைச் சொல்ல அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்" என்றாங்க.

நோய் அதைவிடப் பழசு. 1556ல் அக்ரிகோலா என்கிற ஜெர்மானியர் சுரங்கங்களைப் பற்றி எழுதினார். கார்ப்பாத்திய மலைச் சுரங்கப் பக்கம் ஏழு புருசன் கட்டின பொம்பிளைகள் உண்டு, ஏழு பேரையும் இந்த நெஞ்சு நோய் கொண்டுபோனது என்று அதில் இருக்கு. எங்களை அறுத்துக் கட்டுற சாதி என்று ஊர்த்தெருவில் ஏசுவாங்க. எதனால் அறுக்க வேண்டி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

இந்த நோய்க்கே இன்னொரு பேரும் இருக்கு. பொது அறிவுப் போட்டியில் பிள்ளைகளை மனப்பாடம் பண்ணச் சொல்வாங்களே, இங்கிலீஷ் அகராதியிலேயே நீளமான சொல், 45 எழுத்து: நியுமோனோ-அல்ட்ரா-மைக்ராஸ்கோபிக்-சிலிகோ-வால்கனோ-கோனியோசிஸ். எரிமலைத் தூசியால் வருகிற நுரையீரல் நோய் என்று அர்த்தம் சொல்வாங்க. டாக்டர் யாரும் வைத்த பேர் இல்லை. 1935ல் அமெரிக்காவில் சொற்புதிர் போடுகிறவர்களின் சங்கத் தலைவர், நீளமாக ஒரு சொல் வேண்டும் என்று விளையாட்டுக்குக் கட்டினது. பேப்பரில் வந்து, பிறகு அகராதியிலும் ஏறிவிட்டது.

அதே அமெரிக்காவில் அதற்கு நாலைந்து வருசம் முன்னால், 1930-31ல், மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து தண்ணீருக்குச் சுரங்கம் போட்டாங்க. பாறை பூராவும் சிலிக்கா. தண்ணி விட்டுத் துளைத்தால் வேலை மெதுவாகும் என்று வறட்டுத் துளையாகவே போட்டாங்க. உள்ளே இறங்கினவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து பிழைக்க வந்த கறுப்பர்கள். மூச்சு முட்டி வந்தவர்களுக்குக் கம்பெனி டாக்டர்கள் 'டனலைட்டிஸ்' என்று ஒரு பேர் வைத்துக் கறுப்பு மாத்திரை கொடுத்தாங்க. டனல் சுரங்கம், ஐட்டிஸ் அழற்சி. அப்படி ஒரு நோய் உலகத்திலேயே கிடையாது. செத்தவர்கள் குறைந்தது 764 என்று பின்னால் ஒரு டாக்டர் கணக்கெடுத்து 1986ல் புத்தகம் போட்டார். ஒரு பக்கம் கறுப்பர்கள் செத்துக்கிட்டிருக்க, இன்னொரு பக்கம் அந்தச் சாவுக்கு நீளமான பேர் வைத்து விளையாடியிருக்காங்க. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கல்லுடைக்கிறவன் பிள்ளை அந்த 45 எழுத்தைத் திக்காமல் சொல்லி எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கிக்கிட்டு வந்தது. அப்பன் வாசலில் இருமிக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

எழுத்துக்கும் இந்த நோய்க்கும் இன்னொரு உறவு. நாமெல்லாம் சிலேட்டில் எழுதின பலப்பம், அந்தக் குச்சியை அறுக்கிற தொழில் மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌரில் இருந்தது. கல்லை மிசினில் வைத்து அறுப்பது. அங்கே தொழிலாளர்களைச் சோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு சிலிக்கோசிஸ் இருந்தது. நான் அ எழுதிப் பழகின குச்சியும் யாரோ ஒருத்தர் நெஞ்சிலிருந்து வந்ததுதான்.

பேரில் என்ன இருக்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். டி.பி. என்றால் அதற்குக் காரணம் கிருமி, உன் குடிசை, உன் பீடி, உன் சோறு. சிலிக்கோசிஸ் என்றால் காரணம் குவாரி. 1923ஆம் வருசத்துத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோய்ப் பட்டியலில் இந்தச் சொல் இருந்தது. 2020ல் எழுதின சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கு. டி.பி. என்று எழுதினால் சத்துணவுக்கு அரசாங்கம் பணம் தருகிறது, 2024 நவம்பரிலிருந்து மாசம் 1000 ரூபாய். சிலிக்கோசிஸ் என்று எழுதினால் முதலாளி நட்டஈடு தரணும். எந்தப் பேனா எந்தச் சொல்லை எழுத யோசிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. குஜராத்தில் கோத்ரா பக்கம் கல் அரைக்கிற ஆலைகளில் வேலை பார்த்துச் செத்த மத்தியப் பிரதேச ஆதிவாசிகள் 238 பேருடைய குடும்பங்களுக்குத் தலைக்கு 3 லட்சம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016ல் உத்தரவு போட்டது. அதற்கு அந்தச் சனம் பத்து வருசம் அலைந்தது. ராஜஸ்தானில் 2019ல் இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்து, நோய் என்று சான்று கிடைத்ததும் பணம் கொடுக்கிறார்கள். எல்லா இடத்திலும் வாசல் ஒன்றுதான், டாக்டர் கையால் அந்தச் சொல் விழணும்.

தமிழில் எழுதினால் என்ன என்று கேட்கலாம். எழுதியிருக்காங்க. யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் 1848ல் ஆஸ்பத்திரி தொடங்கி, பிறகு தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். தமிழில் படித்தே முப்பதுக்கு மேற்பட்டவர்கள் டாக்டர் ஆனாங்க. அவர் போட்ட உடற்கூற்றுப் புத்தகத்துக்குப் பேர் அங்காதிபாதம், வேதியியலுக்குக் கெமிஸ்தம். அந்த மனுசன் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அங்காதிபாதம் என்றால் எங்க ஆத்தாவுக்கு டிஸ்னியா மாதிரிதான். கிரேக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சமஸ்கிருதத்தை வைத்தால் சேரிக்கு என்ன லாபம்? எங்க பக்கத்துக் குடுமியான்மலைப் பாறையிலும் சமஸ்கிருதம் இருக்கு. சங்கீத ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்த கல்வெட்டு, எங்கெங்கிருந்தோ வந்து பார்க்கிறார்கள். பாறையை வெட்டின கைகளுக்கு அதை வாசித்துக் காட்டியிருப்பாங்களா?

1991ல் அறிவொளி இயக்கம் வந்தது. பொம்பிளைகள் சைக்கிள் ஓட்டினதை எல்லாரும் எழுதினாங்க. அந்தச் சமயத்திலேயே குவாரிகளைப் பெண்கள் குழுவுக்குக் குத்தகைக்கு விட்டு, கொத்தடிமையாகக் கிடந்தவர்கள் ஆயிரக்கணக்கில் குத்தகைக்காரங்க ஆனதை அவ்வளவாக எழுதவில்லை. லாரி எத்தனை நடை போச்சு என்று அவங்களே நோட்டில் எழுதினாங்க. எங்க பக்கம் அது நீடிக்கவில்லை. கான்ட்ராக்டர்கள் திரும்ப வந்தாங்க, பின்னாலேயே கிரஷர் வந்தது. முன்னே ஒரு தெரு விழுங்கின தூசியை இப்போ நாலு ஆள் விழுங்குறாங்க. ஜல்லி போக, பாறையை மணலாகவே அரைத்துத் தள்ளுகிறார்கள்.

அதில் ஒருத்தன் என் சித்தப்பா மகன். எனக்குத் தம்பி முறை. கிரஷரில் 19 வருசம். போன வருசம் அவனுக்கும் டி.பி. கார்டு போட்டு ஆறு மாசம் மாத்திரை கொடுத்தாங்க. நெஞ்சுச் சளியில் கிருமி இல்லை. ஒரு ஃபர்லாங் நடந்தால் உட்கார்ந்துவிடுகிறான். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், ஆனாலும் ஆஸ்பத்திரி வராண்டாவில் எங்கே நிற்கணும் யாரைப் பார்க்கணும் என்று தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. உட்காருங்க அண்ணே என்று சொன்னது. என்ன வேலை, எத்தனை வருசம், தண்ணி தெளிப்பாங்களா, மூக்குக்கு என்ன கட்டுவீங்க என்று வரிசையாகக் கேட்டது. தம்பி என் மூஞ்சியைப் பார்த்தான். 44 வயசில் அவனை ஒரு டாக்டர் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எழுதினது. நான் எட்டிப் பார்த்தேன். முதலில் ஒரு கேள்விக்குறி, அதற்குப் பக்கத்தில் சிலிக்கோசிஸ்.

"இந்தக் கேள்விக்குறியை எடுக்க முடியாதாம்மா?" என்றேன்.

"அத மெடிக்கல் போர்டுதான் எடுக்கணும். நீங்க அந்த கிரஷர்ல வேல பாத்ததுக்கு ஆதாரம் கொண்டாங்க" என்றது.

அங்கேதான் இப்போ நிற்கிறோம். கிரஷரில் வருகைப் பதிவேட்டில் அவன் பேரில்லை. பி.எஃப். இல்லை. வாரக்கூலியைக் கையில் கொடுத்து அனுப்பினவர்கள். அப்படி ஒரு ஆளே எங்களிடம் வேலை பார்க்கவில்லை என்கிறார் மேனேஜர். அதனால் கூட வேலை பார்த்தவர்களிடம் எழுதி வாங்கிக்கிட்டிருக்கேன்: இன்ன வருசத்திலிருந்து இன்ன வருசம்வரை இவரும் நானும் இன்ன கிரஷரில் ஒன்றாக வேலை செய்தோம், இவருக்கு வந்திருப்பது சிலிக்கோசிஸ் என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். 14 பேர் கொடுத்திருக்காங்க. அதில் 6 பேருக்கு அதே இருமல்.

போன வாரம் எங்க அத்தை வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டின கிழவி, அறிவொளியில் எழுத்துக் கூட்டப் படிச்சது. ஜல்லி உடைச்சு ஒரு கண் போச்சு. நான் வாசித்துக் காட்டப் போனேன், வேண்டாம் என்று தாளை வாங்கிக்கொண்டது. எல்லாவற்றையும் கடகடவென்று வாசித்துவிட்டு அந்தச் சொல்லில் மட்டும் நின்றது. சி. லி. க்கோ. சி. ஸ். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தது. "நம்ம கல்லு இருமலா?" என்றது. ஆமா அத்தை என்றேன்.

"எங்க போடணும் கையெழுத்து?" என்று கேட்டது.